சில நிமிடத் துணை

புகைக்கும் வேட்கை எழுந்து உச்சம் தொட்டுச் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களைத் தனியாகக் கடப்பதுதான் கடினம். அப்போது கைப்பேசி துணையாகலாம் என்பதைப் பிரிட்டனில் 5,800 பேரிடம் நடந்த 'டெக்ஸ்ட்2ஸ்டாப்' ஆய்வு காட்டியது. ஊக்கமளிக்கும் குறுஞ்செய்திகள் பெற்றோரில் 10.7 விழுக்காட்டினர் ஆறு மாதம் கழித்தும் புகைக்காதிருந்தனர். வேறு செய்திகள் பெற்றோரில் 4.9 விழுக்காட்டினரே. முடிவு 2011இல் 'லான்செட்' இதழில் வெளியானது. தவிப்பு மிகும்போது ஒரு சொல் அனுப்பினால் உடனே ஆறுதல் செய்தி வரும் என்பது அதன் சிறப்பு.

இந்திய அரசு 2016இல் இத்தகைய திட்டமொன்றைத் தொடங்கியது. மிஸ்டுகால் கொடுத்தால் போதும், செய்திகள் வரும். ஆனால் தொடக்கத்தில் அவை ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வந்தன.

எழுமலையில் இருக்கும் என் பெரியப்பா பீடி பிடிப்பவர். அவருடைய பொத்தான் கைப்பேசியில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரியும். அவரைப் போன்றோருக்கு எழுத்தைவிடக் குரலே நெருக்கம். 2018 முதல் புகையிலை உறைகளில் 1800-11-2356 என்ற இலவச ஆலோசனை எண் அச்சாகிறது. அவ்வாண்டே பெங்களூரு நிம்ஹான்ஸும் அச்சேவையில் இணைந்ததால், தமிழில் பேசவும் வழி பிறந்தது.

அந்த எண்ணை அவருக்குச் சொன்னேன். "முகம் தெரியாதவங்ககிட்ட என்னப்பா பேச?" என்றார். எனவே தேநீர் வேளையில் நானே அழைக்கிறேன். மழை, மாடு, வெள்ளாமை என்று பேச்சு நீளும். பீடியைப் பற்றி வாய் திறப்பதில்லை. காலைப் பீடி தொடர்கிறது. மாலைப் பீடி நின்று மூன்று வாரமாகிறது.