முன்பாரமும் பின்பாரமும்



விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போதெல்லாம் "விடுமுறையில் நான் சென்ற இடம்" என்று மாணவர்களிடம் கட்டுரை எழுதச் சொல்வது நம் வழக்கம். அதே தலைப்பில் ஆசிரியையாகிய நான் எழுத வேண்டிய கட்டுரை ஒன்று 2018-ஆம் ஆண்டிலிருந்து பாக்கி நிற்கிறது. தயக்கத்திற்குக் காரணம் உண்டு. அதில் தவறு செய்தவர்களில் நானும் ஒருத்தி.

அவ்வாண்டு ஜூன் விடுமுறையில் அப்பாவை அழைத்துக்கொண்டு கனடாவில் கல்கரி நகரில் வாழும் தம்பி வீட்டிற்குச் சென்றிருந்தேன். தம்பி புதிதாக ஓர் இழுவை வீடு வாங்கியிருந்தான். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அடங்கிய, சக்கரங்களின் மேல் நிற்கும் சிறு வீடு அது. தனக்கென்று இயந்திரம் கிடையாது. பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும். நம் சுங்கை வேயில் பிக்கப் வண்டி என்றால் வீடு மாறுகிறவர்களின் கட்டிலும் அலமாரியும் கூட்டரசு நெடுஞ்சாலையில் போவதுதான் நினைவுக்கு வரும். அங்கே வீடே பின்னால் வருகிறது.

தம்பியின் வண்டி வட அமெரிக்காவில் "அரை டன்" என்று அழைக்கப்படும் வகை. ஏறக்குறைய ஆயிரம் பவுண்டு சுமை ஏற்றலாம் என்றிருந்த காலத்தில் வந்த பெயர் அது. இன்றைய வண்டிகள் அதைவிடக் கூடுதலாகவே சுமக்கும். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. விற்பனைத் தாளில் நாலாயிரம் கிலோவுக்கு மேல் இழுக்கும் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். தம்பியின் இழுவை வீடோ சாமான்களோடு சேர்த்து 2,800 கிலோதான். பிறகென்ன கவலை என்று தோன்றும்.

ஆனால் இழுப்பது வேறு, சுமப்பது வேறு. இழுவை வீட்டின் முன்முனை, பிக்கப்பின் கொக்கியை அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தம் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இருக்க வேண்டும் என்பது அங்குள்ளோர் பின்பற்றும் கணக்கு. அதை வண்டி சுமக்கும் பாரமாகவே கொள்ள வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று எழுதியிருக்கும். தம்பியின் வண்டிக்கு அது 700 கிலோ.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, அவன் தாளும் எழுதுகோலுமாக என்னிடம் வந்தான். நாங்கள் அறுவர்: 370 கிலோ. பின்தட்டில் விறகும் கருவிப்பெட்டியும்: 90 கிலோ. கொக்கியின் மேல் பன்னிரண்டு விழுக்காடு: 336 கிலோ. கூட்டினால் 796. வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முன்விளக்குகள் வானத்தைப் பார்த்தது சும்மா அல்ல.

தம்பி ஒரு வழி கண்டான். இழுவை வீட்டின் முன்பக்கத்தில் இருந்த உணவுப்பெட்டிகளைப் பின்பக்கம் மாற்றினான். பிள்ளைகளின் நான்கு மிதிவண்டிகளையும் பின்புறத் தாங்கியில் மாட்டினான். அச்சுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியில் 150 லிட்டர் நிரப்பினான். பிக்கப்பின் பின்புறம் மெல்ல எழும்பியது. கொக்கியின் மேல் இப்போது 150 கிலோதான் இருக்கும் என்று மதிப்பிட்டான். மொத்தம் 610. "அக்கா, நீங்க ஒரு தடவை பாருங்க" என்றான். பார்த்தேன். கூட்டல் சரி. "சரி" என்றேன். இருபது ஆண்டுகளாகக் கணிதம் கற்பிப்பவளின் தீர்ப்பு அது! 2,800-இல் 150 எத்தனை விழுக்காடு என்று நான் கேட்கவில்லை. ஐந்தரைகூட இல்லை.

அப்பா வாசற்படியில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, பின்பாரமா இருக்குய்யா" என்றார். தம்பி காதில் வாங்கவில்லை. சற்று நேரம் கழித்து மீண்டும் சொன்னார். "அப்பா, இது மாட்டு வண்டி இல்ல. முந்நூறு குதிரை ஆற்றல்" என்று தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

நாடு விடுதலை பெற்ற 1957-இல் அப்பாவுக்குப் பதினேழு வயது. பால்மரத் தோட்டத்தில் இரட்டை மாட்டு வண்டி ஓட்டியவர். சுங்கை வேயில் தொழிற்சாலைகள் எழும்பிய எழுபதுகளில்தான் லோரிக்கு மாறினார். இரண்டே சக்கரங்கள் உள்ள வண்டியில் பாரம் ஏற்றுவது ஒரு கலை. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி அழுத்தி மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் மிகுந்தாலோ ஏர்க்கால் மேலே தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். சற்றே முன்பாரமாக ஏற்றுவதுதான் முறை. மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொன்னதை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறவள் நான். வண்டி ஓட்டியவர் வீட்டிலேயே இருக்கிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை பான்ஃப் தேசியப் பூங்காவை நோக்கிப் புறப்பட்டோம். கல்கரியிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 110 வரை போகலாம். தம்பி 105-இல் போய்க்கொண்டிருந்தான். மலைத்தொடர் கண்ணுக்குத் தெரிந்ததும் பிள்ளைகள் பாடத் தொடங்கினர். ஸ்காட் லேக் மேட்டில் ஏறி இறங்கும்போது பெரிய சரக்குந்து ஒன்று எங்களை முந்திச் சென்றது. அதன் காற்று பட்டவுடன் பின்னால் யாரோ வாலைப் பிடித்து ஆட்டுவது போலிருந்தது. இடம், வலம், மீண்டும் இடம். ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது. தம்பி நிறுத்துவிசையை மிதித்தான், இன்னும் மோசமாயிற்று. முன்னால் போகும் வண்டி வேகம் குறைக்க, பின்னால் வரும் 2,800 கிலோ அதைத் தள்ளுகிறது அல்லவா? பக்கக் கண்ணாடியில் இழுவை வீட்டின் முழுப் பக்கச் சுவரும் தெரிந்தது. பிள்ளைகளின் பாட்டு நின்றது.

விற்றவர் சொல்லிக்கொடுத்தது நல்லவேளை தம்பிக்கு நினைவு வந்தது. காலை எடுத்தான், சுக்கானை நேராகப் பிடித்தான், இழுவை வீட்டின் சக்கரங்களை மட்டும் நிறுத்தும் சிறிய கைவிசையை விரலால் அழுத்தினான். பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைவிட மெதுவாகும்போது இணைப்பு நேராக இழுபடும். இருபது எண்ணும் நேரம் இருக்கும். ஆட்டம் அடங்கியது.

அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தியபோது எவரும் பேசவில்லை. தம்பியின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அப்பா இறங்கிப் போய்ச் சக்கரங்களுக்கு அருகே நின்றார். திட்டவில்லை. "முதல்ல தண்ணிய இறக்கு" என்றார்.

பிறகு அரை மணி நேரம் அவர் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். 150 லிட்டரும் புல்லில் ஓடியது; முகாமில் குழாய்த் தண்ணீர் இருக்கும்போது அதை ஏன் சுமந்தோம் என்று எங்களுக்கே விளங்கவில்லை. மிதிவண்டிகளைக் கழற்றி, உள்ளே அச்சுக்கு நேர் மேலே தரையில் கிடத்தினோம். உணவுப்பெட்டிகள் முன்பக்கம் திரும்பின. விறகை அங்கு நின்ற மற்றொரு குடும்பத்திற்குக் கொடுத்துவிட்டோம். அப்பா சற்றுத் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி, கொக்கியின் மட்டம் பார்த்தார். "இப்ப போகலாம்." தம்பி முன்னிருக்கைக் கதவை அவருக்குத் திறந்துவிட்டான். அதன் பின் 90-க்கு மேல் போகவில்லை. இரண்டு சரக்குந்துகள் முந்திச் சென்றன, ஒன்றும் ஆடவில்லை.

கல்கரி திரும்பிய பின் சரக்குந்துகளுக்கான எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம். கொக்கியின் மேல் பத்து விழுக்காட்டிற்குச் சற்று அதிகம். மொத்தச் சுமை 700-க்குள். பாரத்தை இடம் மாற்றி நாங்கள் ஒளித்து வைத்ததை, அவர் இறக்கி வைத்திருந்தார். பாரத்தின் ஒரு பகுதியை முன்சக்கரங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் விற்கம்பிகளைத் தம்பி பின்னர் வாங்கிப் பொருத்தினான். அவையும் ஒட்டுத்தாளில் உள்ள எண்ணைக் கூட்டிவிடா என்று அவனே எனக்கு விளக்கினான்.

பள்ளி திறந்ததும் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதைச் செய்துகாட்டினேன். விளையாட்டு லோரி, காலணிப்பெட்டி, இரண்டு சக்கரங்கள், ஒரு பிடி கோலிகள், சாய்வான பலகை. கோலிகள் பெட்டியின் முன்பாதியில் இருந்தபோது நேராக இறங்கியது. பின்பாதியில் வைத்தபோது பாதி வழியில் முறுக்கிக்கொண்டு கவிழ்ந்தது. "இது உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். என் அப்பா என்றேன். "அவரும் டீச்சரா?" என்றாள்.

அதன் பின் ஒவ்வொரு கோடையிலும், புறப்படுவதற்கு முன் இழுவை வீட்டைப் பக்கவாட்டில் படம் பிடித்துத் தம்பி அப்பாவின் கைத்தொலைபேசிக்கு அனுப்பத் தொடங்கினான். அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்ப்பார். பிறகு அழைத்து ஒரே கேள்வி கேட்பார்:

"தண்ணித் தொட்டி காலியாய்யா?"