மலையேறும் மைனர்

அட்டன் புகைவண்டி நிலையத்தில் நாம் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. நுவரெலியாவுக்கு அழைத்துச் செல்ல நண்பர் காருடன் காத்திருந்தார். ஓய்வுபெற்ற தோட்டப் பள்ளி ஆசிரியர் அவர். காரோ அவரினும் மூத்த மொரிஸ் மைனர்! இதிலா மலையேறுவது என்று தயங்கினோம். நண்பர் நகைத்தார். "பயப்படாதீங்க தம்பி. அவசரப்படுத்தினால்தான் இவளுக்குக் கோபம் வரும்."

கொட்டகலையைக் கடந்ததும் டெவன் அருவி. அப்பால் சென் கிளயர் அருவி. இருமருங்கும் தேயிலைப் பசுமை. இரண்டாம் கியரில் முனகியவாறே கார் ஏறிற்று.

அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலறிஞர் வடிவமைத்த மைனர், 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பத்து லட்சம் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் இதுவே. ஏறத்தாழ 16 லட்சம் வண்டிகள் செய்யப்பட்டபின், 1970-களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. அதே இசிகோனிஸ் 1959-இல் படைத்த மினிக்கு, 2001-இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் மறுபிறவி அளித்தது.

"மினி வந்ததே, மைனர் வராதா? மின்சாரத்தில் ஓடினாலும் சரி, இந்த முகம் மட்டும் மாறக்கூடாது" என்றார் நண்பர்.

அவர் ஆசையைக் கெடுக்க மனமில்லாமலே நாம் சொன்னோம்: அமெரிக்காவின் செவ்ரோலே கமாரோ 2002-இல் நின்றது, அன்பர்கள் ஏங்கினர், 2009-இல் மீண்டும் வந்தது, 2023-இல் மறுபடியும் நின்றுவிட்டது. மைனருக்கோ தாய்வீடே இல்லை. மொரிஸ் வழிவந்த எம்.ஜி. ரோவர் நிறுவனம் 2005-இல் நொடித்துப் போயிற்று.

தலவாக்கலையில் ஒரு கராஜில் நிறுத்தினோம். முதிய மெக்கானிக், தாமே கடைந்தெடுத்த சிறு புஷ் ஒன்றைப் பொருத்தினார். "கம்பனி செய்யும்போது செய்யட்டும் ஐயா. வண்டி நாளைக்கு ஓட வேணுமே!" என்றார். அவர் சொன்னதில் வியப்பில்லை. 1990-களில் மைனரின் தகட்டுப் பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின.

நானுஓயாவை நெருங்கும்போது, தோட்டத்துரையின் பழைய பங்களா ஒன்றைக் கண்டு நண்பர் வண்டியை மெதுவாக்கினார்.

"அப்பா இங்கேதான் வேலை செய்தார். துரையின் மைனரை நாள்தோறும் கழுவித் துடைப்பார். ஒரு நாளும் ஏறி உட்கார்ந்ததில்லை."

நாம் வாய் திறக்கவில்லை. மைனர் பிறந்த அதே 1948-இல்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் பிறந்தது. காட்டை அழித்துத் தேயிலை நட்டு, இம்மலைப் பாதைகளை வெட்டியவர்களின் சந்ததியாரில் மிகப் பலர் அதனால் நாடற்றவராயினர். எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வருவதற்கு 2003 ஆயிற்று.

"ஓய்வூதியப் பணத்தில் இதை வாங்கினேன். அப்பா அப்போது இல்லை" என்றார் நண்பர். "புதிய மைனர் வந்தால் நான் வாங்கப் போவதில்லை தம்பி. ஆனாலும் வரட்டும். பேரப்பிள்ளைகள் கதவைத் திறந்து ஏறட்டும்."

சுமார் 1,870 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவை அடைந்தபோது பனிமூட்டம் சூழ்ந்திருந்தது. செங்கல் தபால் நிலையத்தின் முன்னே இறங்கிக்கொண்டோம். நண்பர் கைக்குட்டையை எடுத்து, நனைந்த முன்கண்ணாடியை மெல்லத் துடைக்கலானார். தந்தையார் துடைத்ததும் இப்படித்தான் இருந்திருக்கும். துடைத்து முடித்ததும், கதவைத் திறந்து தமக்குரிய இருக்கையில் அமர்ந்தார்.