ஆம்பலிடைத் தூண்டில்

எம் கல்லூரியன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவதெனச் சில நாட்கள் மயங்கினோம். ஆசிரியப் பெருமக்களின் அருமையையும், விளையாட்டு மைதானத்தில் ஈட்டிய வெற்றிகளையும், விடுதிச்சாலைக் குறும்புகளையும் எம்மினும் நன்கு எழுதவல்லார் பலர் உளர். ஆதலின், பன்முறை தோற்றுக் கற்ற ஒரு பொருளையே எடுத்துக்கொண்டோம். அது தூண்டில். சைவப் பாடசாலையொன்றின் மலரிலே மீன்பிடியைப் பற்றி எழுதுதல் தகுமோ என வினவுவார் இருப்பர். அவ்வினாவை நாமும் எம்மைக் கேட்டதுண்டு. அதற்கு எம்மாலியன்ற விடையை இறுதியிற் கூறுவோம்.

கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோவுக்குக் கிழக்கே, பீற்றர்பரோ நகருக்குத் தெற்கே, றைஸ் லேக் என்னும் ஏரி கிடக்கின்றது. நீளம் ஏறக்குறைய 32 கிலோமீற்றர். அகலம் 5 கிலோமீற்றர். ஆழங் குறைந்த அந்நீரில் முற்காலத்திற் செறிந்து விளைந்த காட்டு நெல்லே அதற்கு அப்பெயரை அளித்தது. நடுக்கோடையில் அதன் குடாக்களிலே நீர் தெரியாவண்ணம் ஆம்பல் இலைகள் பரந்து கிடக்கும். இலைகளுக்கிடையே பாசியும் நீர்ப்பூண்டும் பாய் விரித்தாற்போலப் படர்ந்திருக்கும். குடிபெயர்ந்து அந்நாட்டில் வாழும் நாம் முதன்முறை அக்கரையில் நின்றபோது, வன்னிக் குளமொன்றின் அலைகரையில் நிற்கின்றோமோ என ஒரு கணம் மயங்கினோம்.

அவ்விலைகளின் நிழலிலே வாழ்வது அகன்ற வாயையுடைய பாஸ் என்னும் மீன். 1802ஆம் ஆண்டிற் பிரான்சிய அறிஞர் லாசெப்பீட் இவ்வினத்திற்குப் பெயரிட்டார். அவர் கண்ட மீனின் முதுகுச் செட்டை சிதைந்திருந்தது. சிதைந்த துண்டை அவர் தனியொரு சிறு செட்டையெனக் கருதி, ‘சிறு செட்டையன்’ எனப் பொருள்படும் ‘மைக்குறொப்ரறஸ்’ என்ற பெயரைச் சூட்டினார். பிழையாற் பிறந்த பெயர் இன்றும் நிலைத்து நிற்கின்றது. ஆராய்ந்தோர்க்கே இம்மீனிடத்து இவ்வாறு நேர்ந்ததாயின், எம்மனோர் அவசரத்தால் இழந்தவற்றைச் சொல்லவும் வேண்டுமோ!

பாஸ் பதுங்கியிருந்து பாயும் இயல்பினது. இரை அண்மையில் வந்ததும் வாயையும் செவுள் மூடிகளையும் சடுதியாக விரிக்கும். நீரோடு இரையும் உள்ளே உறிஞ்சப்படும். ஆம்பற் பற்றையிலே இதனைப் பிடிப்பதற்கு உள்ளே வெற்றிடமுள்ள இறப்பர்த் தவளையைப் பயன்படுத்துவர். அதன் முதுகோடு ஒட்டி இரண்டு முட்கள் மேல்நோக்கி அமைந்திருத்தலால் அது செடியிற் சிக்காது. இலைமேல் ஏறியும், இடைவெளியில் இறங்கியும், உயிர்த் தவளைபோலவே தத்திச் செல்லும். மீன் கவ்வும்போது தவளையின் உடல் நசிந்து முட்கள் வெளிப்படும். மீன் வந்தடிக்கும் ஓசையோ, தேங்காய் நீரில் வீழ்ந்தாற் போன்றது. அவ்வோசையிலேதான் எம் துன்பமெல்லாம் தொடங்கிற்று.

2014ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஒரு காலைப்பொழுது பள்ளித் தோழர் ஒருவருடன் வள்ளமேறினோம். எம் கையில் இருந்ததோ வளைந்து கொடுக்கும் மெல்லிய தடியும், 12 இறாத்தல் தாங்கும் தங்கூசியும். நீர் வெடித்தது. வெடித்த கணமே தடியை ஓங்கி இழுத்தோம். தவளை பறந்து வந்து எம் காதருகே சென்றது. மீண்டும் வெடித்தது, மீண்டும் இழுத்தோம், மீண்டும் வெறுந்தவளை. மூன்றாம் முறையும் அவ்வாறே. நான்காம் முறை முள் கொளுவியது. ஆயின் மீன் ஆம்பல் தண்டுகளினூடே பாய்ந்து தங்கூசியைச் சுற்றிக்கொண்டது. வலிந்து இழுத்தோம். அறுந்தது. தவளையும் அதன் இரு முட்களும் மீனின் வாயோடு போயின.

தோழர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “மீன் தப்பினது காரியமில்லை. அது இனி எப்படித் தின்னப்போகுது?” என்றார். அன்றிரவு அச்சொல் எம்மை உறங்கவிடவில்லை. பிடித்த மீனை நோவின்றி நீரில் விடுகின்றோம் என்று பெருமை பேசித் திரிந்தோம். ஆயத்தமின்மையால் ஓருயிரின் வாயைப் பூட்டி அனுப்பிவிட்டோம். அவ்வாண்டு முழுவதும் தடியைத் தொடவில்லை.

அந்நாட்களிலே சிறுபராயத்து நினைவொன்று திரும்பத் திரும்ப வந்தது. விடுமுறையில் அம்மானின் வயலுக்குச் செல்லும்போது, குளத்தில் விரால் பிடிக்கும் முதியவர் ஒருவரின் பக்கத்திற் குந்தியிருப்போம். தாமரை இலைகளுக்கிடையே தவளையைக் கோத்து விடுவார். விரால் கவ்வியதும் நாம் துள்ளுவோம். அவரோ கயிற்றைத் தளரவிட்டு, “அந்தரப்படாதை தம்பி, கொண்டுபோகட்டும்” என்பார். அவர் பொறுத்தது மீன் விழுங்கும் வரைக்கும். கறிக்குப் பிடிப்பவருக்கு அது பொருந்தும். மீளவிட எண்ணுபவர் அவ்வளவு பொறுத்தல் கூடாது. முள் தொண்டையில் இறங்கினால் மீன் பிழைப்பதரிது. ஓசைக்குப் பின்னும் விழுங்குவதற்கு முன்னுமாக ஒரு சிறுபொழுது உண்டு. அதனைக் கண்டறிவதே இக்கலையின் உயிர்நிலையாகும்.

அச்சிறுபொழுதை அறிவிப்பது கண்ணன்று, கை. இலைக்குக் கீழிருந்து பாயும் மீன் இரையைத் தெளிவாகக் காண்பதில்லை. பன்முறை குறி தவறுகின்றது. நீர் தெறித்தது என்பதனால் தவளை அதன் வாயினுள் உள்ளது என்பது பெறப்படாது. ஆதலின் ஓசை கேட்டதும் தடியின் நுனியை மீனை நோக்கித் தாழ்த்தி, நூலிலுள்ள தளர்வை றீலாற் சுற்றியெடுத்து, பாரம் கையில் தெரிந்த பின்னரே முழுவலியோடும் மேல்நோக்கி இழுத்தல் வேண்டும். தவளை காணாமற்போய்ப் பாரம் தெரியாவிடின் இன்னும் ஒரு மூச்சுப் பொறுக்கலாம். மீன் குறி தவறியதாயின் தவளை அவ்விடத்திலேயே கிடக்கும். மீன் திரும்பி வருதலும் உண்டு. பறித்திழுத்தவனுக்கோ அவ்விரண்டாம் வாய்ப்பும் இல்லை.

எனினும் பொறுமை மாத்திரம் போதாது. கொளுவுதலின் பெரும்பகுதி வள்ளமேறுமுன் வீட்டிலேயே நிறைவேறுகின்றது. தங்கூசி இழுபடுந் தன்மையது. எம் கையின் விசையிற் பெரும்பங்கை அதுவே விழுங்கிவிடும். இழுபடாத பின்னல் நூல், 50 முதல் 65 இறாத்தல் வரை தாங்குவது, இங்கு வேண்டற்பாலது. அது விசையை முள்ளுக்குக் கொண்டு செல்வதோடு ஆம்பல் தண்டுகளையும் அறுத்துக்கொண்டு வரும். ஆயின் பின்னல் நூலை வெறும் றீலிற் சுற்றினால் முழுச்சுற்றும் வழுக்கும். அடியிற் சில சுற்றுத் தங்கூசி இட்டு அதன்மேற் கட்டுதல் வேண்டும். றீலின் தடுப்பையும் இறுக்கிவிடல் வேண்டும். தடி ஏழடிக்குக் குறையாமலும், நுனி தவிர்ந்த ஏனைய பகுதி வளையாமலும் இருத்தல் நன்று.

முள்ளின் கூர்மையைப் பெருவிரல் நகத்தில் வைத்துப் பார்க்க. நகத்திற் பற்றுவதே கூர்; வழுக்குவது கூரன்று. தவளையை இரு விரலால் நசித்து முட்கள் தடையின்றி வெளிப்படுகின்றனவோ என நோக்குக. வெளிப்படாவிடின் அவற்றின் நுனிகளைச் சற்றே மேல்நோக்கி வளைத்தல் உதவும். உட்புகுந்த நீரை அவ்வப்போது பிழிந்துவிடுக. ஒவ்வொரு மீனுக்குப் பின்னரும் நூலின் கடைசிச் சில அடிகளை விரலால் வருடிப் பார்த்து, பிசிர் தென்படின் அப்பகுதியை வெட்டி எறிந்து புது முடிச்சிடுக. இவற்றுள் ஒன்றையேனும் நாம் 2014இற் செய்திலேம்.

இன்னுமொன்று. பொறுமை எல்லா இடத்தும் நன்றன்று. ஒகையோ மாநிலத்து அக்கிரன் நகரிலே நிக் கிறீம் என்பவர் 1949இல் உருவாக்கிய பிளாத்திக்கு மண்புழு பலரும் கையாளும் போலியிரை. முள்ளின் கூரைப் புழுவின் உடலுள்ளே புதைத்து, முன்னே ஈயக்குண்டு கோத்து, செடியின் நடுவே இறக்குவர். கூர் மறைந்திருத்தலால் முள் செடியிற் சிக்காது. ஆயின் முதலிற் புழுவைத் துளைத்து அதன் பின்னரே மீனின் தாடையைத் துளைக்க வேண்டியதாகின்றது. நீரடியில் இதனைக் கவ்வும் மீன் பொய்யென உணர்ந்தாற் கணத்தில் உமிழ்ந்துவிடும். ஆகவே இங்கு நூல் துடித்ததும், அன்றிப் பக்கவாட்டில் நகர்ந்ததும், தளர்வை எடுத்து உடனே இழுத்தல் வேண்டும். தவளைக்குத் தாமதம், புழுவுக்கு விரைவு. வள்ளுவப் பெருந்தகை ‘காலமறிதல்’ அதிகாரத்திற் கொக்கை உவமை காட்டினார். அக்கொக்கின் சிறப்பு வாளா நிற்றலில் மட்டுமன்று, குத்துங்காற் குத்துதலிலும் உண்டு. வகுப்பறையிற் கற்ற அவ்வுவமையின் பிற்பாதி எமக்கு ஏரியிலேதான் விளங்கிற்று.

2015ஆம் ஆண்டுக் கோடையில் மீண்டும் அக்குடாவிற்குச் சென்றோம். நீர் வெடித்தது. கை தானாக எழுந்தது; அதனை அடக்கினோம். தவளை மறைந்திருந்தது. தளர்வைச் சுற்றினோம். கனமான ஒன்று நூலின் மறுமுனையில் அசைந்தது. அப்போது இழுத்தோம். மீன் தண்டுகளுட் புகுந்து பாசி மூட்டைக்குள் ஒளித்துக்கொண்டது. முன்போல வலிந்து இழுத்திலேம். நூலை இறுக்கமாக வைத்திருக்க, தோழர் துடுப்பு வலித்து வள்ளத்தை மீனிடம் கொண்டு சென்றார். பாசியைக் கையால் விலக்கி மீனை எடுத்தோம். நான்கு இறாத்தலளவு இருக்கும். மேற்றாடையிலே முள் செவ்வையாகப் பதிந்திருந்தது. கையை நனைத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிப் பிடித்து, குறட்டினால் முள்ளைக் கழற்றி நீரில் விட்டோம். ஒரு கணம் நின்று, வாலை அசைத்து, இலை நிழலுட் சென்று மறைந்தது.

இனி முன்னர்க் கூறிய வினா. கொல்லாமையைப் போற்றும் மரபில் வந்தோர், உண்ணவும் எண்ணாது, பொழுதுபோக்கிற்காக ஓருயிரை முள்ளிற் கொளுவுதல் தகுமோ? தகும் என்று சாதிக்கும் துணிவு எமக்கில்லை. மீளவிடும் மீன் யாவும் பிழைக்கும் என்றும் சொல்ல மாட்டோம். இளவேனிலில் ஆண் பாஸ் கூட்டருகே நின்று முட்டையையும் குஞ்சையும் காக்கும். அப்பருவத்தில் நாம் தடியை எடுப்பதில்லை. நூலை எண்ணிப் பாராது ஏரிக்குச் செல்வதில்லை. இவை பிழையைக் குறைப்பனவேயன்றி நீக்குவன அல்ல என்பதையும் அறிவோம். என்றாவது ஒருநாள் தடியை முற்றாக வைத்துவிடுவோம் என்றே நினைக்கின்றோம். அதுகாறும், செய்வதைத் திருந்தச் செய்தலே அம்மீனுக்கு நாம் இறுக்கும் கடன்.

இன்றும் பல மீன்களைத் தவறவிடுகின்றோம். ஆயின் 2014க்குப் பின்னர் எம் தவளையை வாயிற் சுமந்துகொண்டு ஒரு மீனும் போகவில்லை. மாணவத் தம்பியரே, நீவிர் தூண்டில் எடுப்பீரோ, எடாதொழிவீரோ, யாமறியோம். வெடியோசை கேட்டவுடன் கை எழும் வேளைகள் உம் வாழ்விலும் வரும். அப்போது பாரம் தெரியும்வரை பொறுப்பீராக, தெரிந்தபின் தயங்காதொழிவீராக. கல்லூரியன்னை நீடு வாழ்க!