பாட்டுக்குப் போட்ட மார்க்கு

பள்ளி, கல்லூரி நடனப் போட்டிகளுக்கு என்னை நடுவராக அழைப்பார்கள். கச்சேரி விமர்சனம் எழுதுகிற ஆளாயிற்றே, நாட்டியமும் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் கெடுத்ததே இல்லை. உண்மையில் எனக்கு நாட்டியம் தெரியாது.

ராகம் தெரியும், தாளம் தெரியும். அரைமண்டி ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா, நாட்டடவில் குதிகால் சரியாக ஊன்றுகிறதா, முத்திரையில் எந்த விரல் தளர்ந்தது என்று பார்த்துச் சொல்லும் பயிற்சி என் கண்ணுக்குக் கிடையாது. மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும்? பாட்டைப் பிடித்துக்கொண்டேன். "சினிமாப் பாட்டைத் தவிர்த்திருக்கலாம், அம்மா" என்பேன். சபை தலையாட்டும். ஆடிய பெண்ணின் முகம் வாடும். ஆட்டத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

அதிலும் நான் நேர்மையாக இல்லை. 'திருவருட்செல்வர்' (1967) படத்தில் பத்மினி ஆடும் கல்யாணிப் பாட்டை ஒரு மாணவி எடுத்தால், "அடடா, கே.வி. மகாதேவன்!" என்று மார்க்கை அள்ளிப் போட்டிருக்கிறேன். அதுவும் சினிமாப் பாட்டுதான். என் இளமையில் வந்த பாட்டு சாஸ்திரீயம், ஆட வரும் பிள்ளைகளின் இளமையில் வருகிற பாட்டு மலிவு. என் கொள்கை அவ்வளவுதான்.

வரலாறு தெரியாமலும் பேசவில்லை. வழுவூர் இராமையா பிள்ளையின் மாணவி குமாரி கமலா, 'நாம் இருவர்' (1947) படத்தில் பாரதி பாட்டுக்கு ஆடினார். அவரைத் திரையில் பார்த்துத் தங்கள் பெண்ணை நடன வகுப்பில் சேர்த்த குடும்பங்கள் உண்டு. பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர்க் கச்சேரியிலேயே கிளாரினெட் ஒலித்தது. அது ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம். இதையெல்லாம் கட்டுரையில் எழுதுவேன். நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தால் மறந்துவிடுவேன்.

பெரிய தவறு வேறு. வர்ணமோ தில்லானாவோ ஆடுகிற பிள்ளைக்கு மாதாமாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லித்தர ஒரு டீச்சர் இருப்பார். சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறவர்களில் பலர் செல்போனைப் பார்த்துத் தாங்களே கற்றுக்கொண்டவர்கள். பாட்டுக்கு மார்க் போட்டபோது நான் அளந்தது அவர்கள் வீட்டு வசதியை. குரு இல்லாமல் தாளம் தப்பாமல் ஆடிய பிள்ளைக்குக் கூடுதலாகப் போட்டிருக்க வேண்டும். குறைத்துப் போட்டேன்.

இவ்வளவு புரிந்த பிறகாவது, "எனக்கு நாட்டியம் தெரியாது, வேறு ஆளைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சால்வையும் முன்வரிசை நாற்காலியும் பிடித்துப்போய்விட்டன. பாட்டைக் குறை சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டேன். இப்போது, "முகபாவம் இன்னும் கொஞ்சம் வேண்டும்" என்கிறேன். அதற்கும் சபை தலையாட்டுகிறது.