கொடிமேடையில் சொன்ன சொல்

ஆண்டுதோறும் ஆகஸ்டு 15 அன்று எங்களூர் அரசினர் பள்ளிக் கொடிமேடையில் என்னையும் பேச அழைப்பார்கள். தாய்நாட்டை நேசிப்பது ஈமானைச் சார்ந்தது எனும் அரபு வாக்கை நபிமொழியென்று கூறிக் கைதட்டல் பெற்று இறங்குவேன். அது நபிமொழியன்று என்பதை நான் அறிவேன். லாகூரில் பிறந்து ஹிஜ்ரி 650இல் மறைந்த இமாம் ஸாகானீ அதனைப் புனையப்பட்டவற்றுள் சேர்த்திருப்பதை மதரஸாவிலேயே ஓதியவன். நம் நாட்டுப்பற்றை ஐயுறுவோர்க்குச் சான்று காட்டும் அவசரம், வேறென்ன!

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஹஜ்ரத், அது எந்தக் கிதாபில் இருக்கிறது?" என்று கேட்டான். நாணித் தலைகுனிந்தேன்.

மறு ஆண்டு அதே மேடையில் பிழையை ஒப்புக்கொண்டேன். மக்காவைப் பிரிகையில் பெருமானார் (ஸல்) அவர்கள் வருந்தியதைத் திர்மிதீயிலிருந்தும், பாதையில் இடர் தருவதை அகற்றுதல் ஈமானின் ஒரு கிளை என்பதை முஸ்லிமிலிருந்தும் எடுத்துரைத்தேன். கைதட்டல் குறைவுதான். 1976இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த அடிப்படைக் கடமைகளுள் பொதுச் சொத்தைக் காப்பதும் ஒன்றெனத் தலைமையாசிரியர் தொடர்ந்தார்.

அடுத்த வாரம் அம்மாணவனும் வேறு நால்வரும் பள்ளி வாயிலில் சிதறிக் கிடந்த கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தனர். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு நானும் குனிந்தேன்.