குரங்கணிக்கு மேலே

போடியிலிருந்து வந்த ஜீப் குரங்கணியில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்புகிறது. மலைமேல் இருக்கும் சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன் ஊர்களுக்குப் போகிறவர்கள் இனி நடக்க வேண்டும்.

டீக்கடை ஓரமாக நிற்கும் குதிரைக்கு ஒருவர் பாரம் கட்டுகிறார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். இந்தப் பக்கம் அரிசி, அந்தப் பக்கம் பருப்பும் எண்ணெயும். கயிற்றை வயிற்றுக்கு அடியில் விட்டு இழுத்து, முழங்காலால் மூட்டையை அழுத்திக்கொண்டு இன்னொரு முடிச்சு. விரல் நுனியெல்லாம் சிமெண்ட் தின்று தோல் உரிந்த தழும்பு.

"கேரளா பக்கம் வேலைக்குப் போகலையா மாமா?" என்கிறான் டீ ஆற்றும் பையன்.

"அந்த ரோடுதான் முடிஞ்சிருச்சேப்பா. காண்ட்ராக்ட் ஒருத்தரு எடுத்தாரு, பாறை ஒடைக்க ஒருத்தரு, தாரு போட ஒருத்தரு. தடுப்புச் சுவரு நாங்க கட்டுனது. போய்ப் பாரு, கல்லு ஒண்ணு அசையாது."

அவர் சொல்வது மூணாறு–போடிமெட்டுச் சாலையை. கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 42 கிலோமீட்டர். அகலப்படுத்தும்போதே 2019-லும் 2020-லும் அதன் கேப் ரோடு பகுதியில் மலை சரிந்தது. மண்ணை அள்ளிவிட்டு மறுபடி வெட்டினார்கள். 2024 ஜனவரியில் திறப்பு விழா.

இந்தக் குரங்கணி வழி அதற்கெல்லாம் மூத்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் மூணாறு தேயிலை குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து ரோப் காரில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடிக் கப்பலுக்குப் போனது. 1924 வெள்ளம் தண்டவாளத்தைக் கொண்டுபோனது. தேயிலைப் பெட்டிக்கு அந்தரத்தில் வழி போட்ட மலையில், மனுஷனுக்கு இன்னும் ஒற்றையடிப் பாதைதான். 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கியவர்களை ஊர்க்காரர்கள் டோலி கட்டித் தூக்கி வந்ததும் இந்த மலையிலிருந்துதான். 23 உயிர்கள் போயின.

இங்கே சாலை போட்டால் காடு போய்விடும் என்பார்கள். காடு காப்பாற்றப்பட வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் சுற்றுலாக் கார்கள் விரைந்து போக மூணாறு மலையில் வெடி வைக்க முடிந்தவர்களுக்கு, பிரசவ வலி கண்ட பெண்ணை இறக்க ஒரு ஜீப் அகலத்துக்கு இந்த மலையில் வழி காண முடியாதா? குரங்கணி–டாப் ஸ்டேஷன் சாலையைக் கேட்டுக் கேட்டுத் தலைமுறைகள் போய்விட்டன.

கிழவி ஒருத்தி மாத்திரைப் பொட்டலத்தை நீட்டுகிறாள். "மருமக கையில குடுத்துருய்யா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு." அவர் அதை மூட்டையில் செருகவில்லை, சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டுகிறார்.

"நம்ம ரோடு எப்ப மாமா வரும்?" பையன் விடுவதாக இல்லை.

"வரட்டும்ப்பா. சுவரு பூரா நான் கட்டித் தர்றேன். கூலியே வேணாம்னு சொல்லு."

டீக்குக் காசை வைத்துவிட்டுக் குதிரையைத் தட்டுகிறார்.