வௌவாலின் கடிகாரமும் எலியின் தொட்டியும்



விலங்குகளின் மூளையை ஆராய்வது என்றாலே கோடி ரூபாய்க் கருவி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு பழைய கதைகளைச் சொல்கிறேன்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் இருந்தார். உயிர்களின் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தை ஆராய்ந்தவர். கும்மிருட்டில் தொங்கும் வௌவாலுக்கு வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது? இதைச் சோதிக்க வெளிச்சமும் வெப்பமும் ஈரமும் மாறாத அறை வேண்டும். மதுரைக்கு அருகே ஒரு குகை அப்படியே இருந்தது. நம் கோட்டைக் களஞ்சியத்து இருட்டைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். அந்தக் குகையே ஆய்வுக்கூடம் ஆயிற்று.

கூண்டில் அடைத்த வௌவாலை, மற்ற வௌவால்கள் வாழும் குகையில் வைத்தார்கள். அவை கிளம்பும் நேரத்தை ஒட்டியே அதுவும் சிறகடித்தது. வௌவாலே இல்லாத குகையில் தனியாக வைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போனது. ஆக, கடிகாரம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. அதைத் திருத்திக் கொடுப்பது கூட்டம். மாரிமுத்து, ராஜன் ஆகியோருடன் அவர் இதை வெளியிட்ட ஆண்டு 1981.

அதே 1981-ல் ஸ்காட்லாந்தில் ரிச்சர்ட் மாரிஸ் என்பவர் ஒரு வட்டத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பால் கலந்து கலங்கலாக்கினார். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு மேடை. நீந்தும் எலிக்கு அது தெரியாது. சுற்றியுள்ள அறையின் அடையாளங்களை வைத்தே இடத்தை நினைவில் கொள்ள வேண்டும். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி பழுதான எலிகள் தடுமாறின. முதுமையில் நம் பெரியவர்களுக்கு வரும் அல்சைமர் மறதி நோய் ஆரம்பத்திலேயே தாக்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று. இன்றும் உலகெங்கும் இந்தத் தொட்டி புழக்கத்தில் இருக்கிறது.

இரண்டிலும் கருவி எளிது; கேள்வி கூர்மை. ஆனால் எளிது என்றால் ஏனோதானோ அல்ல. முந்தைய எலியின் வாடை ஒட்டியிருந்தால் அடுத்த எலி மோப்பத்தாலேயே வழி கண்டுவிடும். 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் நம் காது கேட்காது, எலிக்குக் கேட்கும். நமக்கு அமைதியான அறை அதற்கு இரைச்சலாக இருக்கலாம். மிரண்ட எலி அசையாமல் நிற்கும். அதற்கு ஒன்றும் தெரியவில்லை என்று நாம் தவறாக எழுதிவிடுவோம். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையை மக்கு என்று எழுதுவது போலத்தான்.

இதை எழுதக் காரணம் உண்டு. செஞ்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து என்னிடம் படித்த பெண் இப்போது மறதி நோய் ஆராய்ச்சியில் இருக்கிறாள். விலங்கு ஆய்வுக்கான அனுமதி கிடைத்துவிட்டது. தொட்டி வாங்கப் பணம் வரவில்லை. "விட்டுட்டு வந்துடலாம்னு இருக்கு சார்" என்றாள். "நாமே செய்வோம்மா" என்றேன்.

ஃபைபர் தொட்டி வேலை தெரிந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் எனக்கு போன் செய்யுங்கள். ஆறடி அகலம், சரியான வட்டம், உள்ளே முழுக்க ஒரே நிறம், ஒட்டுத் தெரியக்கூடாது. கூலியை நான் தருகிறேன்.